நான்காம் கேள்வி

வியாழன் இரவு சாப்பாட்டு மேசையில்
பட்டறையை வரைந்தேன்.
வருகைக்குப் பத்து நிமிடம்.
பொருள் தேர இருபது.
நிழலைச் சந்திக்க முப்பத்தைந்து.
(நிழல் எப்போதும் கூடக் கேட்கும்.)
பிறகு தேநீர்.

சாவி ஒன்று. முள் கழன்ற கைக்கடிகாரம்,
பீல் நகரில் எந்த இழுப்பறையிலும் அகப்படுவது.
ஏரிக்கரைக் கல், பாதி எரிந்த மெழுகுதிரி,
கயிறு, இறகு, இடக்கைக்கு மட்டும் ஒரு கையுறை.
ஆளுக்கொரு கதை, கதைக்கொரு வாசல் என்று
ஓரத்தில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

கேள்விகள் நான்கு.
இது உங்களிடம் எப்படி வந்தது?
இது யாரைத் தேடுகிறது?
இதற்கு வாயிருந்தால் முதல் சொல் என்ன?
நான்காவதில்தான் என் கெட்டித்தனம்:
இதன் அடியில் என்ன இருக்கிறது?

சனிக்கிழமை, நூலகத்தின் இரண்டாம் மாடி.
ஒன்பது பேர். சூடேற்றி மட்டும்
தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.
பிரிகிட் சாவியை எடுத்தாள், நான் நினைத்தபடியே.
தண்டவாளம் பழுதுபார்க்கும் ரேட்டோ
கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி
பிரெஞ்சில் தொடங்கினான்,
ஜெர்மனில் அழுதான்.
கைக்குட்டைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்.
அதுவும் திட்டத்தில் இருந்தது.

குகேந்திரன் மட்டும் மேசையை இரண்டு சுற்றுச் சுற்றி
சன்னலோரம் போனார்.
தொடங்குமுன் இரண்டு வாய் உண்டு
நான் ஒதுக்கிவைத்த சோற்றுப்பெட்டியின்
மூடியை எடுத்து வந்தார்.
அது பயிற்சிப் பொருள் இல்லை என்றேன்.
"தெரியும்" என்றவர்
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக் குசினியில
ஒரு நாளைக்கு எண்ணூறு மூடி துடைக்கிறன்.
தட்டு வேற ஆக்கள்.
பதினாறு வருஷம்.
ஆர் சாப்பிட்டது, ஆர் தொடாமல் விட்டது
ஒண்டும் தெரியாது.
உள்பக்கம் வேர்த்திருக்கும்.
அது மட்டும் தெரியும்."

மொழிபெயர்த்தேன்.
வேர்ப்பு என்ற சொல்லில் கொஞ்சம் தடுமாறினேன்.
என் சீட்டுக்கட்டில் அரசன் உண்டு, கோமாளி உண்டு,
தாயும் திருடனும் வழிப்போக்கனும் உண்டு.
மூடி இல்லை.

"எந்தப் பானைக்கும் ஒரு மூடி உண்டு என்பார்கள்
எங்கள் பக்கம்" என்றாள் பிரிகிட்,
"எனக்கு வாய்த்த பானைகள்தான் சரியில்லை."
ரேட்டோகூடச் சிரித்தான், மூக்கைத் துடைத்தபடி.
உலைமூடியால் ஊர்வாயை மூட முடியாது
என்ற நம் பழமொழி
என் நாக்கு நுனிவரை வந்து நின்றது.
சொல்லவில்லை.
நேரம் ஆகிவிட்டது, நான்காம் கேள்வி பாக்கி.

"அடியில் என்ன இருக்கிறது?"

இரண்டு உள்ளங்கையையும் மூடிமேல் வைத்தார்.
"அதைக் கேக்கப்படாது, பிள்ளை.
அதுக்குத்தானே மூடி."

சூடேற்றி ஒருமுறை இருமியது.
திறப்பதற்கென்றே படித்தவள் நான்,
மூன்று வருடம், வங்கிக் கடனில்.
எந்தச் சுவரில் எந்தக் கதவு என்று
தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
ஒருவர் வெறுமனே மூடியிருக்கும்போது
பக்கத்தில் எப்படி உட்காருவது என்று
எந்தப் பாடத்தில் வந்தது?
வந்திருக்கும். தேர்வில் கேட்கவில்லை.

தேநீருக்கு மணி அடித்தேன்,
பதினொரு நிமிடம் முன்பே.

மறதியோ என்னவோ,
மூடி அவர் மேலங்கிப் பையிலேயே போய்விட்டது.
மாலை லீஸுக்குப் போகும் ரயிலில்
திறந்த பெட்டி என் மடியில்:
ஆறிய சோறு, கத்தரிக்காய்க் குழம்பு.
பெட்டி முழுக்க வெந்தய வாசம்.
எதிர் இருக்கைக் குழந்தை திரும்பிப் பார்த்தது,
அதன் அம்மா பார்க்காத மாதிரி இருந்தாள்.
கையால் பொத்தினேன்.
ஒரு கை போதவில்லை.
பயணச்சீட்டுப் பரிசோதகர் வரும்வரை
இரண்டு கையும்.